விட்டுப்போன ஒரு குறிப்பு

மருத்துவமனையின் பதிவுக் கவுண்டரில் உட்காருகிறவள் அவள். அங்கேயே நோயாளிகளின் விவரம் இருக்கும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறவர் அவள் கணவர். போன தடவை அவர் அதைப் புது வெர்ஷனுக்கு மாற்றிய மறுநாள், ஒரு பெயரைத் தேடவே திரை ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. "தூங்குறியாம்மா?" என்று முகத்துக்கு நேராகவே கத்தினார்கள். அவரோ போனை அணைத்துவிட்டு வீட்டில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் சண்டை போடவில்லை. அன்றிலிருந்து, "டேட்டாபேஸ்காரரே, சாப்பிட வாங்க" என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவ்வளவுதான். அதற்கு ஒரு சண்டையே மேல் என்றிருந்தது அவருக்கு.

இந்த ஞாயிறு பகல் முழுக்க மறுபடியும் மாற்றும் வேலை. முடித்து வந்தவர், அவள் துணி மடிக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எந்தப் பிரிவுல எவ்வளவு பேர், எந்தக் கிழமை கூட்டம்னு டேட்டாபேஸே குறிப்பு வெச்சிருக்கும். அதை வெச்சுத்தான் எந்தப் பக்கம் தேடலாம்னு முடிவு பண்ணும். போன தடவை நோயாளிங்க விவரமெல்லாம் வந்துச்சு, குறிப்பு வரலை. புது வீட்டுச் சமையலறையில தேடுற மாதிரி ஒவ்வொரு டப்பாவா திறந்து பார்த்துச்சு."

"திட்டு வாங்கினது டப்பாவா, நானா?"

"இந்த வெர்ஷன்ல குறிப்பும் கூடவே வந்துடும்."

"வந்தா சரி."

திங்கள் காலை எட்டு மணிக்கு, அவர் ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பின்னால் போட்டு, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"சும்மாதான்."

முதல் பெயர் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. இருபது பேர் மளமளவென்று நகர்ந்தார்கள். அவளுக்குச் சிரிப்புக்கூட எட்டிப் பார்த்தது. அப்போது காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். குழந்தைகள் பிரிவு, திங்கட்கிழமைப் பட்டியல். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"டேட்டாபேஸ்காரரே, சுத்துது."

அவர் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "பிரிவையும் கிழமையையும் சேர்த்து வெச்ச குறிப்பு. அது மட்டும் தானா வராது. நேத்தே மறுபடி எடுத்திருக்கணும், மறந்துட்டேன். ரெண்டு நிமிஷம்."

"என்னம்மா, மறுபடியும் படுத்துடுச்சா?" வரிசையிலிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

அவள் வாய் திறப்பதற்குள் கணவர் எழுந்து நின்றார். கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே கூச்சப்படுகிற மனிதர்.

"அவங்க மேல தப்பில்லீங்க. நான்தான் ஒண்ணை விட்டுட்டேன். கொஞ்சம் பொறுத்துக்கோங்க." காது சிவந்துவிட்டது.

"சரி தம்பி, நின்னு பேசினா ஆகுமா? உட்கார்ந்து பாருங்க" என்றாள் குழந்தைக்காரி. வரிசை சிரித்தது. கவுண்டரிலிருந்து அவள் குழந்தைக்குக் கிறுக்க ஒரு தாளும் பேனாவும் நீட்டினாள். பின்னால் விசைகள் தடதடத்தன. குழந்தை ஒரு கோணல் வட்டம் போட்டு முடிப்பதற்குள் அதன் பெயர் திரையில் வந்து நின்றது.

அதன்பிறகு எதுவும் சுற்றவில்லை. ஆனாலும் அவர் ஸ்டூலை விட்டு எழவில்லை.

மதியம் கவுண்டர் கதவைச் சாத்திவிட்டு, டிபன் பாக்ஸின் மூடியில் பாதிச் சாதத்தைத் தள்ளினாள்.

"ஏங்க, சாப்பிட வாங்க."

அவர் அந்தப் பட்டப்பெயருக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். அது வரவில்லை.