ஆறாம் சேனல்

வாடிக்கையாளர் அழைப்புகளை அவன் வீட்டிலிருந்தே எடுப்பவன். இன்னொரு முறை பேச்சு நடுவில் அறுந்தால் வேலை போய்விடும் என்று மேலாளர் சொல்லிவிட்டாள். வீட்டில் மூன்று வைஃபை பெட்டிகள் இருந்தும் குரல் விட்டுவிட்டுத்தான் போனது.

போனில் ஒரு செயலியைப் போட்டு அலைகளைப் பார்த்தான். இவனுடைய மூன்று பெட்டிகளும் ஆறாம் சேனல் என்ற அலைவரிசையில் இருந்தன. பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சருடையதும் அதே ஆறு. ஒரே சேனலில் இரண்டு பேர் கத்தினால் யார் பேச்சு யாருக்குக் கேட்கும்? ஒன்றாம் சேனலுக்கு மாற்றினான். பத்து நிமிடத்தில் அவளும் ஒன்றில் இருந்தாள். பதினொன்றுக்குப் போனான். அங்கேயும் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"வேணும்னே பண்றா" என்றான் மனைவியிடம்.

"ஆமா, உன்னைத் துரத்துறதுதான் அவளுக்கு முழுநேர வேலை."

டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினான். டீச்சர் போனும் கையுமாகத் திறந்தாள். அதிலும் அதே செயலி.

"வாங்க சார். நான் எங்க போனாலும் பின்னாடியே வர்றீங்களே, என்ன விஷயம்? நெட்டு விட்டுவிட்டு வருதுன்னு பாதிப் பிள்ளைங்க ஆன்லைன் கிளாஸை விட்டுப் போயிடுச்சுங்க."

அவனுக்குக் கோபம் வடிந்தது, சந்தேகம் வடியவில்லை. இவன் ஒன்று, அவள் பதினொன்று என்று முடிவானது. "இங்கேயே, என் கண் முன்னாடி மாத்துங்க" என்றாள். இருவரும் வாசலில் நின்றே மாற்றினார்கள்.

அடுத்த அழைப்பு தெளிவாகக் கேட்டது. "வணக்கம், சொல்லுங்க" என்றான். இன்னொரு கையில் இருந்த போனில் செயலி திறந்தே இருந்தது.