சாயங்கால நடை

யசோதா அம்மாவின் பாதத்தில் மஞ்சள் தேய்த்துக்கொண்டிருந்தாள். குதிகால் வெடிப்பில் மஞ்சள் ஏறவில்லை. மறுபடியும் தேய்த்தாள்.

"போதும் விடுடி," என்றாள் அத்தை எல்லம்மா. "பூவும் பொட்டுமா போறா. எத்தினி பேருக்குக் கெடைக்கும்?"

யசோதாவுக்கு விசும்பல் வந்தது. அத்தை உடனே அவள் தோளை அமுக்கினாள்.

"உஷ்! அழுவறதா இருந்தா பின்னால போய் அழு. எங்கண்ணன் நெஞ்சு தாங்காது. ஒரு தரம் நெஞ்சடைச்சு விழுந்து எழுந்தவன்."

எல்லம்மாவின் அண்ணன், யசோதாவின் நைனா வெங்கடசாமி வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேர் மாறி மாறி விசிறினார்கள். கையில் ஹார்லிக்ஸ் டம்ளர்.

போன வருஷம் அவர் மில்லில் தறிக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். ஆறு வாரம் கட்டிலில் கிடந்தார். பிறகு மில் டாக்டர் அவரை மைதானத்தில் நடக்க வைத்தார். நெஞ்சுக் கோளாறு வந்த எட்டு ஆண்கள், தினம் காலை ஆறு மணிக்கு. முதல் வாரம் ஒரு சுற்று, அடுத்த வாரம் இரண்டு. நாலு மாதத்தில் தறிக்குத் திரும்பிவிட்டார்.

அம்மா பாஞ்சாலிக்கு இந்த ஆடியில் அதே நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து, நல்லா ரெஸ்ட் எடும்மா என்று அனுப்பினார்கள். வந்த மூன்றாம் நாள் ஸ்ரீராம்புரம் குழாயடியில் குடத்தோடு நின்றாள். நேற்றும் அங்கேதான் நின்றாள். குடம் நிரம்பவில்லை, அதற்குள் விழுந்துவிட்டாள்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யசோதா அல்சூரில் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்தாள். அம்மா சோறு போட்டபடியே நைனாவிடம் கேட்டாள்.

"ஏய்யா, உங்க டாக்டரு என்னையும் நடக்க வுடுவாரான்னு கேளேன். கையில கொடமில்லாம ஒரு தரம் நடந்து பாக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாதான் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு நைனா சொன்னார். "கேட்டேன். பொம்பளைங்களுக்கு அங்க எடமில்லையாம்."

"அதானே," என்று அம்மா ரசம் ஊற்றினாள்.

பத்து மணிக்கு மில் டிஸ்பென்சரி கம்பவுண்டர் ரெமிஜியஸ் மாலையோடு வந்தார். போட்டுவிட்டு யசோதாவிடம் ஒதுங்கி வந்தார்.

"ஏம்மா, அம்மாவுக்கும் நெஞ்சு வலியாமே? எப்பத்திலிருந்து?"

"ஆடியிலிருந்து சார்."

"நாலு மாசமா? வெங்கடசாமி ஒரு வார்த்தை சொல்லலியே!"

"நைனா டாக்டர்கிட்ட கேட்டாரே சார். பொம்பளைங்களுக்கு எடமில்லைன்னு..."

"யார் சொன்னது? சாயங்காலம் நர்ஸ் நோரா நடக்க வெக்கிறாங்களே. நூல் செக்‌ஷன் பொம்பளைங்க ரெண்டு பேர், மேஸ்திரி சம்சாரம் ஒருத்தி. மூணே பேர். ஆள் வரலேன்னு நிறுத்திடலாமான்னு டாக்டர் யோசிக்கிறார்."

அவர் போன பிறகும் யசோதா அங்கேயே நின்றாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். பிறகு பெஞ்சுக்குப் போனாள்.

"நைனா..."

அத்தை உள்ளேயிருந்து கண்ணால் மிரட்டினாள். நைனா நிமிர்ந்தார்.

"ரெமிஜியஸ் என்ன சொன்னான்?"

அவர் முகத்தையே பார்த்தாள்.

"மாலை போட்டுட்டுப் போனாரு."

அவர் தரையைப் பார்த்தார். யாரும் கேட்காததற்குப் பதில் சொன்னார்.

"தறி ஆளுங்க எல்லாம் சிரிப்பானுங்கம்மா..."

யசோதா டம்ளரை வாங்கி மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டினாள்.

பாடை எழுந்தது. நைனாவுக்குப் பதிலாக அவள் புருஷன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனான். தெருமுனையில் ஜட்கா வண்டி தயாராக நின்றது.

"அண்ணன ஏத்துங்கப்பா," என்றாள் எல்லம்மா. "மயானம் வரைக்கும் அவனால ஆவாது."

நைனா ஏறாமல் யசோதாவைப் பார்த்தார்.

"நடக்கட்டும்," என்றாள் அவள்.

"அடிப்பாவி! உங்கம்மா போனது போதாதா?"

"டாக்டர் நடக்கத்தானே சொன்னாரு அத்தை?"

நைனா பாடைக்குப் பின்னால் நடந்தார். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. கூட்டம் வேகமாகப் போனது. நைனா பத்தடி பின்தங்கினார். அப்புறம் இருபதடி. மில் சுவரோரம் நின்றார். மில்லில் சொல்லிக் கொடுத்த மாதிரி இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தார். உதடுகள் அசைந்தன.

பறைச் சத்தம் மூலை திரும்பித் தேய்ந்தது. அவர் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார்.