கொள்ளு பரப்பிய சாலை

என் மகன் அன்பு பைக்கோடு விழுந்தது அவன் தாய்மாமன் மாதவராஜ் இண்டூர் ரோட்டில் பரப்பியிருந்த கொள்ளின் மேல். இது எனக்குத் தெரியும், அன்புக்குத் தெரியும், என் மருமகள் கோகிலவாணிக்குத் தெரியும். போலீசுக்கு மட்டும் இன்னும் தெரியாது. தருமபுரி ஆஸ்பத்திரியில் அன்புவின் தொடை எலும்பில் பிளேட் வைத்துக் கட்டியிருந்தார்கள். மதியத்துக்கு மேல் வாக்குமூலம் வாங்க வருவதாக ஏட்டு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நீங்க என்னா சொல்றீங்களோ அதையேதான் நானும் சொல்வேன்ப்பா" என்று அன்பு சொல்லிவிட்டான். அதன்பிறகு என்னால் வார்டில் உட்கார முடியவில்லை. வராந்தாவில் நடந்தேன். தண்ணீர்க் குழாய் வரை போய், குடிக்காமல் திரும்பினேன்.

எங்கள் பக்கத்தில் கொள்ளு அறுத்தால் செடியோடு தார் ரோட்டில் போட்டுவிடுவோம். போகிற வண்டிகள் மிதித்துக் காய் உடையும்; அடிக்க ஆள் தேட வேண்டியதில்லை. வண்டிக்காரர்கள் ஒதுங்கிப் போய்விடக் கூடாது என்று மீதி ரோட்டில் கல்லை வரிசையாக வைப்பதும் உண்டு. பஸ்ஸுக்கும் லாரிக்கும் ஒன்றும் ஆகாது. இரண்டு சக்கர வண்டியின் டயருக்கு அடியில்தான் அந்த உருண்டை மணிகள் ஓடும். அன்பு சறுக்கிப் போய் மோதியது கல்லில்.

மாதவராஜ் என் மனைவி தீர்த்தம்மாளின் அண்ணன். அன்புவை மடியில் உட்காரவைத்துக் காது குத்தியவர். அப்படிப்பட்டவர் மேல் கேஸா? பங்காளிச் சண்டையில்கூட எங்கள் குடும்பம் ஸ்டேஷன் படி ஏறியதில்லை. மாதவராஜ் நேரில் வந்து, கட்டிலருகே நின்று, "தப்பு நடந்துபோச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் வாயைத் திறக்க மாட்டேன். இதைக் கோகிலவாணியிடம் சொன்னேன்.

"நீங்க வாய மூடிக்கலாம் மாமா. இவரு பால் வேன் ஓட்டிப் பொழைக்கறவரு. மறுபடியும் கிளச்ச மிதிக்க முடியுமான்னு டாக்டருக்கே தெரியல" என்றாள். காலையில் அவள் கோர்ட்டுக்குப் போய் இலவசச் சட்ட உதவி மையத்தில் விசாரித்திருந்தாள். "பொது ரோட்ட மறிச்சுப் போட்டு ஒருத்தருக்கு அடிபட்டா, போட்டவங்க மேல கேஸு இருக்குதாம். நஷ்டஈடும் கேக்கலாமாம். ஆனா பேரு சொல்லணும்."

மச்சான் பேரை என் வாயால் எப்படிச் சொல்வது?

அந்த நேரத்தில்தான் ரஞ்சித்குமார் என்று ஒருவன் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. யாரோ வக்கீலிடம் இருப்பதாகச் சொன்னான். எந்த வக்கீல் என்று சொல்லவில்லை.

"பெரியவரே, தானா வுழுந்தா ஒண்ணும் கெடைக்காதுங்க. லாரி தட்டிட்டுப் போச்சுன்னு சொல்லுங்க. நம்பர் நான் தர்றேன், டிரைவரு ஒத்துக்குவான். இன்சூரன்ஸ்காரன்தான குடுக்கப்போறான்?"

"அந்த லாரி அப்ப எங்க இருந்துச்சு?"

"அது உங்களுக்கு எதுக்குங்க? தொப்பூர் கணவாய்ல தெனமும் லாரி உருளுது. இங்க ஒண்ணு தட்டுச்சுன்னா நம்ப மாட்டாங்களா?"

"எங்க வூட்ல பொய்ச்சாட்சி சொன்னவங்க கெடையாது."

அவன் சிரித்தான். "பொய்யும் சொல்ல மாட்டீங்க, சொந்தக்காரரையும் வுட்டுக்குடுக்க மாட்டீங்க. அப்ப அந்தக் காலு உங்க பையனோடதுதானுங்களா?"

அவனைப் போகச் சொன்னேன். ஆனால் சொந்தக்காரர் என்று நான் அவனிடம் சொல்லவே இல்லையே என்பது அவன் போன பிறகுதான் உறைத்தது.

தீர்த்தம்மாள் வீட்டிலிருந்து போன் செய்தாள். "எங்கண்ணன் பேரு ஸ்டேஷன்ல ஏறுனா, நான் பொறந்த வூட்டு வாசப்படிய எப்படி மிதிக்கறதுங்க?" என்று அழுதாள். நான் போனை வைத்துவிட்டு, மாதவராஜை நேரில் பார்த்துவிடலாம் என்று இண்டூர் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

அன்பு விழுந்த இடத்திலேயே கொள்ளு மறுபடி பரப்பியிருந்தது. மீதி ரோட்டில் அதே கல் வரிசை. புளியமரத்தடியில் மாதவராஜ் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"வா மச்சான். பையன் எப்படி இருக்கறான்?"

"வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"கொள்ளு ரோட்டுல கெடக்குது, வுட்டுட்டு எங்க வர்றது? மேகம் வேற மூடுது பாரு."

"அவன் வுழுந்த எடத்துலயே போட்டிருக்கீங்க."

"ஏன், அந்த எடத்த அவன் பேருக்குப் பட்டா போட்டுட்டாங்களா? ஊரே போடுது மச்சான், நீ போடலியா? அவன் கொஞ்சம் மெதுவா வந்திருக்கணும்."

"போட்டேன். இனிமே போட மாட்டேன்" என்றேன்.

அப்போது ஒரு பெண், முன்னால் குழந்தையை நிறுத்திக்கொண்டு மொபெட்டில் வந்தாள். கொள்ளின் மேல் ஏறியதும் வண்டி ஆடியது. இரண்டு காலையும் ஊன்றி, தள்ளித் தள்ளிக் கடந்தாள். "ரோடா இது? உங்கப்பன் வூட்டுக் களமா?" என்று கத்திவிட்டுப் போனாள்.

மாதவராஜ் சிரித்தார். "பாத்தியா, மெதுவா போனா ஒண்ணும் ஆவல." பிறகு குரலைத் தாழ்த்தி, "அதான் ரஞ்சித்த அனுப்பி வச்சனே! லாரின்னு சொல்லிட்டா உனக்கும் பணம் வரும், எனக்கும் தொந்தரவு இல்ல. ஒரு தாய்மாமன் இன்னும் என்னாதான் செய்யணும்ங்கற?" என்றார்.

மருமகனைப் பார்க்க ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வரவேண்டிய மனுஷன், புரோக்கரை அனுப்பியிருக்கிறார். அதையும் முறை செய்ததாக நினைக்கிறார். நான் குனிந்து கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பள்ளத்தில் போட்டேன். அவர் தடுக்கவில்லை. நான் போனதும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது ஏட்டு அன்புவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். எழுத ஆரம்பிக்கவில்லை; அப்பா வரட்டும் என்று அன்பு சொல்லியிருந்தான். ஏட்டு என்னிடம் கேட்டார்.

"எதுல சறுக்குனாரு?"

"ரோட்டுல போட்ட கொள்ளுலங்க."

"யாரு போட்டது?"

கோகிலவாணி என்னைப் பார்த்தாள். அன்பு கண்ணை மூடிக்கொண்டான்.

"மாதவராஜுங்க. எங்க மச்சான். இவனுக்குச் சொந்தத் தாய்மாமன்."

ஏட்டு பேனாவை நிறுத்தினார். "சொந்தத்துக்குள்ளயா? உக்காந்து பேசி முடிச்சுக்கலாமே பெரியவரே. நாளைக்கு நல்லது கெட்டதுல மொகத்துல முழிக்கணும் இல்லீங்களா?"

"முழிக்கறேனுங்க. இன்னிக்கும் பேசத்தான் போனேன். கொள்ளு இன்னும் ரோட்டுலயேதான் கெடக்குது. இன்னொருத்தர் வுழறதுக்குள்ள எழுதுங்க."

அவர் எழுதினார். நான் வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். கீழே அன்புவும் படுத்தபடியே போட்டான். பேனாவைத் திருப்பித் தரும்போது என் விரலைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தான்.

தீர்த்தம்மாளின் போன் மறுபடி அடித்தது.

"என்னாங்க ஆச்சு? பேர சொல்லிட்டீங்களா?"

"இரு. வூட்டுக்கு வர்றேன். நேர்ல சொல்றேன்."

அவளுக்கு அதிலேயே புரிந்திருக்கும். இருந்தாலும் போனில் சொல்லி முடிக்கிற சங்கதி இல்லை இது. கோகிலவாணியிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.