என்னைத் தோற்கடிக்க நானே கட்டிய காயில்

எனக்கு எதிரி வெளியே யாரும் இல்லை. என் வாய்தான். நாய்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாய்கூட என்னைக் கடித்ததில்லை. இந்த வாய் கடித்த கடிதான் இன்னும் ஆறவில்லை.

போன நவம்பரில் நடந்தது அது. எங்கள் ஊர் கொக்கோமோவில், பொம்மை ரயில், கார் எல்லாம் விற்கும் ராய்ஸின் ஹாபி கடையில், சனிக்கிழமைக் கூட்டம் மொத்தமும் நின்றுகொண்டிருந்தபோது, டெல்மர் என் பக்கத்தில் வந்து, "வெல்டா, நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டுவிட்டான். நல்ல மனுஷன். பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியார். மனைவி இறந்து வெகுநாளாகிறது. எனக்கு அவனைப் பிடிக்கும், ரொம்பப் பிடிக்கும். "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் அத்தனை கண்ணும் என்மேல் இருந்ததில் எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. வாய் முந்திக்கொண்டது.

"முதல்ல பாதையில என்னைத் தோற்கடிச்சுக் காட்டு. அப்புறம் கல்யாணம் பேசலாம்!"

கடையே சிரித்தது. டெல்மரும் சிரித்தான், பாவி. "ஆகட்டும்" என்றான்.

பாதை என்றால், ராய்ஸ் கடையின் ஒரு சுவரிலிருந்து மறுசுவர் வரை நீளும் மேஜை. அதில் நேராக இரண்டு பள்ளம். கைச்சாண் நீளக் கார்கள் அந்தப் பள்ளத்தில் மூக்கை நுழைத்துக்கொண்டு கரண்டில் ஓடும். நம் கையில் ஒரு விசை. விளக்கு பச்சையானதும் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் கார் கடைசியில் தொங்கும் துண்டில் போய் மோதி நிற்கும். வளர்ந்த மனுஷர்கள் இதற்காக வாரம் முழுக்க வேலையை ஒப்பேற்றிவிட்டு ஓடி வருகிறோம் என்று ஊரில் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும்.

பழைய மோட்டார் பந்தயத்தில், அறுபதுகளில் வந்த மோட்டார்தான் போட வேண்டும். கூடும் காந்தமும் இரும்பும் பழசாக இருக்கணும்; உள்ளே இருக்கும் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். அதில் மூன்று வருஷமாக என்னை அசைக்க ஆள் இல்லை. டெல்மரோ மாசா மாசம் வந்தான், மாசா மாசம் தோற்றான். தோற்றுவிட்டு என் காரைத் துடைத்துக் கொடுத்தான்! எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. சொன்ன சொல்லை நான் எப்படி விழுங்குவது? இவனானால் ஜெயித்துத் தொலைக்க மாட்டேன் என்கிறான்.

"வெல்டாக்கா, வெள்ளை கவுன் தைக்கக் குடுத்தாச்சா?" என்பான் கிளெட்டஸ். லாரி ஓட்டுகிறவன், வாயில் எனக்குத் தம்பி முறை.

"உன் வாயைத் தைக்கக் குடுத்திருக்கேன், போடா" என்பேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெல்மர் என் வீட்டுக்கு வந்தான், ஒரு சுருட்டுப் பெட்டியோடு. உள்ளே ஒரு பழைய மோட்டார். காயில் கருகிப்போய் நாற்றம் அடித்தது. "இதைக் கட்டப் போறேன். உன் சமையல் மேஜை பெருசா இருக்கே, இங்க உக்காந்துக்கட்டுமா?" என்றான்.

உட்கார்ந்தான். நான் அடுப்பைப் பார்ப்பதுபோல முதுகைத் திருப்பிக்கொண்டேன். இது இவன் மோட்டார். இவன் கட்டி, இவன் ஜெயிக்கட்டும். வெல்டா, நீ தலையிடாதே. ஏசுவே, என் கையைக் கட்டிப்போடு.

திரும்பிப் பார்த்தேன். மோட்டாருக்குள் சுழலும் ஆர்மேச்சரின் மூன்று கைகளில் ஒரு கைக்கு வரிசையாகச் சுற்றியிருந்தான். இன்னொரு கைக்குக் கம்பி குறுக்கும் நெடுக்கும் கோழி கிளறின மாதிரி கிடந்தது. அதுவும் மெல்லிய கம்பி! பந்தய மோட்டாருக்கு மெல்லிய கம்பி!

"யோவ், என்னய்யா பண்ற?"

"காயில் கட்டுறேன்."

"இதுக்குப் பேரு காயிலா? குருவிகூட இதுல முட்டை போடாது. குடு இங்க!"

பிடுங்கிவிட்டேன். வேறு என்ன செய்வது? கெட்டுப்போன மோட்டாரைக் கண்ணால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் ஆகாது. சடைபிடித்த நாயைப் பார்த்தாலும் அப்படித்தான், அடுத்தவர் நாயாக இருந்தாலும் கத்தரிக்கோலைத் தூக்கிவிடுவேன்.

அவன் சுற்றியதையெல்லாம் அறுத்து எறிந்தேன். தடித்த கம்பி எடுத்தேன்; சுற்று குறைவு, இழுக்கும் கரண்டு அதிகம், வேகம் பிய்த்துக்கொள்ளும். மூன்று கைக்கும் ஒரே கணக்கு, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் படிய வைத்தேன். கரண்டு ஏற்றும் கார்பன் துண்டுகள் உரசும் செப்புத் தலையை ஓடும் திசைக்கு ஏற்றபடி ஒரு மயிரிழை திருப்பி வைத்தேன். அந்த மயிரிழையில்தான் எல்லாம் இருக்கிறது. சுழலும்போது கம்பி பறக்காமலிருக்கப் பசை பூசி, அடுப்புக்குள் வெந்துகொண்டிருந்த சூரை மீன் கேசரோலை வெளியே தூக்கி வைத்துவிட்டு, பசை இறுகட்டும் என்று ஆர்மேச்சரை உள்ளே வைத்தேன்.

"சாப்பாடு?" என்றான் டெல்மர்.

"சாப்பாடு எங்க ஓடிப்போகுது?"

பிறகு இரண்டு பிளேடு முனைமேல் அதை உருட்டிவிட்டு, கனமான பக்கத்தைத் துளித் துளியாக ராவி, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்படி செய்தேன். கார்பனுக்குக் கரண்டு தடங்கலில்லாமல் போக மெல்லிய செம்புப் பின்னல் பற்றவைத்தேன். காந்தத்தை மட்டும் ராய்ஸிடம் கொடுத்து அவன் மெஷினில் பலம் ஏற்றி வாங்கி வந்தோம். எல்லாம் பூட்டி, பேட்டரியில் தொட்டேன்.

கத்தியது பாருங்கள்! டெல்மர் காதைப் பொத்திக்கொண்டான். மோட்டார் என் விரலை உதறிவிட்டு மேஜைமேல் தானே சுழன்று ஓடி, உப்புக் குடுவையைத் தள்ளி, உருளைக்கிழங்கு சாலட்டில் போய்ப் பாய்ந்தது. சாலட் கூரைவரை பறந்தது. நாங்கள் இருவரும் முகமெல்லாம் மயோனைஸோடு வயிறு வலிக்கச் சிரித்தோம். எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். இது ஜெயிக்கும்! இவன் ஜெயிப்பான்! நான் தோற்பேன்!

கழுவித் துடைத்து அவன் கையில் கொடுத்துச் சொன்னேன்: "கார்பன் புதுசு. ஒரு கிளாஸ் தண்ணியில மோட்டாரை முக்கி, சின்ன பேட்டரியில கொஞ்ச நேரம் ஓட விடு. செப்போட வளைவுக்குத் தேஞ்சு உக்காரும், அப்பத்தான் முழு வேகம் வரும். மறக்காத."

"சரி" என்று தலையாட்டினான்.

மார்ச் மாதப் பந்தயத்துக்குக் கடை நிரம்பி வழிந்தது. ராய்ஸ் கடையில் ஒரு விதி உண்டு. ஓடுவதற்கு முன் உன் கார் எவ்வளவு நேரத்தில் ஓடும் என்று நீயே சொல்ல வேண்டும். மெதுவான நேரம் சொன்னவருக்குப் பச்சை விளக்கு அந்த அளவு முன்கூட்டியே விழும். சொன்ன நேரத்தைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. விளக்குக்கு முன்னால் பாய்ந்தால் அதைவிட மோசமான தோல்வி. பொய் சொல்லிச் சலுகை வாங்கக்கூடாது அல்லவா, அதற்காக. இந்த விதியைக் காட்டி எத்தனை பேரை நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்! முடியளவு தாண்டினாலும் விடமாட்டேன். கிளெட்டஸைக் கேளுங்கள், கதறுவான்.

டெல்மரின் கார் முதல் சுற்றில் நன்றாக ஓடியது. இரண்டாவது சுற்றில் இன்னும் வேகம். மூன்றாவதில் இன்னும். அவனும் ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறைத்துச் சொல்லிக்கொண்டே போனான், ஆனால் கார் அவன் கணக்கை நெருங்கிக்கொண்டே வந்தது. அரையிறுதியில் சொன்னதைத் தாண்டியே ஓடிவிட்டது. எதிரே நின்ற கிளெட்டஸ் பதற்றத்தில் விளக்குக்கு முன்னால் பாய்ந்ததால் டெல்மர் பிழைத்தான்.

எனக்குச் சந்தேகம் தட்டியது. பழகிய மோட்டார் இப்படி ஏறிக்கொண்டே போகாது. இறுதிச் சுற்றுக்கு நாங்கள் இருவர்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"டெல்மர், அதைத் தண்ணியில ஓட்டினியா?"

முகம் சிவந்தது. "இல்ல."

"ஏன்?"

"நீ கட்டினது வெல்டா. தண்ணியில முக்க மனசு வரல."

அடப்பாவி! அடக் கிறுக்கா! எனக்கு அவனை அறையவும் தோன்றியது, அணைக்கவும் தோன்றியது. கார்பன் இப்போதுதான் முழுசாகப் படிந்திருக்கும். இந்த ஓட்டத்தில் கார் பேயாய்ப் பறக்கும்.

"நேரத்தை நல்லாக் குறைச்சுச் சொல்லு, ஓடு!"

"இப்பத்தானே ராய்ஸ்கிட்டச் சொல்லிட்டு வந்தேன்."

சொன்னால் சொன்னதுதான். மாற்ற முடியாது. அதுவும் விதி. அதைப் போட வைத்த புண்ணியவதியும் நானே.

விசையைக் கையில் எடுத்தேன். ஒரே வழிதான். நான் விளக்குக்கு முன்னால் பாய்ந்துவிட வேண்டும். அவன் எவ்வளவு வேகம் ஓடினாலும் ஜெயித்துவிடுவான். அழுத்து வெல்டா, இப்போதே அழுத்து. உனக்குக் கல்யாணம் வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும். ஆனால் அந்தப் பாழாய்ப்போன விரல் கேட்கவில்லை. எத்தனை வருஷப் பழக்கம்! பச்சை விழுந்த பிறகுதான், கச்சிதமாக, அது அழுத்தியது.

டெல்மரின் கார் எனக்கு முன்னால் கிளம்பிப் போய்விட்டது. போயிற்று என்றால், என் காரைவிடப் பல கார் நீளம் முன்னால் கோட்டைத் தாண்டி, துண்டைக் கிழித்துக்கொண்டு போய், ராய்ஸின் பெயிண்ட் டப்பா அடுக்கில் மோதியதில் டப்பாக்கள் மடமடவென்று சரிந்தன. கடை கூரை பிளக்கக் கூவியது. அந்தப் பந்தயத்தில் அவ்வளவு வேகம் யாரும் பார்த்ததில்லை.

வெற்றி விளக்கு என் பக்கம் எரிந்தது.

"சொன்னதைத் தாண்டிட்டான். வெல்டா ஜெயிச்சாச்சு" என்றான் ராய்ஸ்.

"கண்ணு என்ன பொட்டையா?" என்று கத்தினேன். "எனக்கு முன்னால தாண்டினானே, பாக்கலையா?"

"அவனுக்கு முன்னாடியே பச்சை விழுந்துச்சு, வெல்டா."

"கடிகாரத்தைப் பாருய்யா! ஓடின நேரமும் என்னோடதைவிடக் கம்மி! என்னை எல்லா வழியிலயும் அடிச்சுட்டான்!"

"விதிப்படி..."

"விதியைத் தூக்கி அடுப்புல போடு!"

கிளெட்டஸ் வாயைப் பிளந்துகொண்டு, "ஆண்டவா, வெல்டாக்காவா இது? என்னை ஒரு மயிரிழைக்கு வெளிய தள்ளின வெல்டாக்காவா?" என்றான்.

டெல்மர் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்தான். மூக்கில் பச்சைப் பெயிண்ட். "ராய்ஸ் சொல்றதுதான் சரி. நான் தோத்துட்டேன். அடுத்த மாசம் பாக்கலாம் வெல்டா" என்றான், பெருந்தன்மையாக, முட்டாள்!

அடுத்த மாசமா? எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. இவன் தோற்றுக்கொண்டே இருப்பான், நான் ஜெயித்துக்கொண்டே இருப்பேன், இரண்டு பேரும் தனித்தனி வீட்டில் தனித்தனியாக சூப் குடித்துச் சாவோம். போதும்.

"சரி, ஜெயிச்சது நான்தானே?" என்றேன்.

"நீதான்" என்றான் ராய்ஸ்.

"அப்ப ஜெயிச்சவ கேக்குறேன். டெல்மர், என்னைக் கட்டிக்கிறியா?"

டெல்மர் கண்ணாடியைக் கழற்றினான், துடைத்தான், தலைகீழாக மாட்டிக்கொண்டான்.

"பதில் சொல்லுய்யா!" என்று கத்தினான் கிளெட்டஸ். "அந்தம்மா மனசு மாறிடப் போகுது!"

"நான் என்னத்தைச் சொல்றது?" என்றான் டெல்மர். குரல் உடைந்திருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தான். "தோத்தவன் நான். மாட்டேன்னு சொல்ல எனக்கு ஏது உரிமை?"

நான் அவன் பெயிண்ட் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும், ஓவென்று அழுதேன்.