கட்டி அழ இரண்டு பேர் வேண்டும்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கேள்வியாகத்தான் கிடைத்தது. கம்பம் ஊரில் எஸ்டேட்டுக்குப் போகும் ஜீப்புகள் நிற்கிற இடத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "அவ வீட்டுக் கேதத்துக்கு யாரு போவா?" என்றாள் ஒருத்தி. மற்றவள் வாயெடுப்பதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. அந்த 'அவ' யார், சாவு விழுந்த வீட்டுக்கு ஊர் ஏன் போகாது, எதுவும் எனக்குத் தெரியாது. கீழே வருவதெல்லாம் நானாக இட்டுக்கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மாயக்காளின் கண்களில் ஆறு வருட நெருப்பு—"

அடித்துவிட்டேன். கண்ணில் நெருப்பை வைத்துக்கொண்டு ஆறு வருடம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாது.

2

நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். மாயக்காளுக்கும் கருத்தக்கண்ணனுக்கும் ஒரே மகள், ஓவியா. வெளியூரில் நர்சிங் படித்தாள். தீபாவளி நெருக்கத்தில் ஜவுளிக்கடைத் தெருவில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் அவளும் ஒருத்தி. குண்டு இருந்த பையைக் கொண்டுபோய் வைத்தவன் முத்துப்பாண்டி. அதே ஊர்க்காரன், இரண்டு தெரு தள்ளியிருக்கும் பவுனுவின் மகன்.

(எந்த இயக்கம், எதற்காக என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அது இருந்தால் நீங்கள் அதைத்தான் படிப்பீர்கள், மாயக்காளைப் படிக்கமாட்டீர்கள்.)

ஓவியாவின் கேதத்துக்கு முதல் ஆளாக வந்தவள் பவுனு. மாயக்காளைக் கட்டிக்கொண்டு குரல் போகும்வரை அழுதாள். கேத வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கம்தான் ஆக்கிக் கொடுக்க வேண்டும். கஞ்சி கொண்டுவந்து மாயக்காள் வாயில் ஊற்றியதும் அவள்தான். மகன் செய்தது அப்போது அவளுக்குத் தெரியாது.*

மகள் காரியம் முடிந்த பிறகு போலீஸ் வந்து முத்துப்பாண்டியைக் கூட்டிப்போனது. அன்றைக்கு மாயக்காள் கொல்லைப்புறத்தில் நின்று, தொண்டைக்குள் விரல் விட்டுப் பார்த்தாள். எப்போதோ செரித்துப்போன கஞ்சி.

* தெரிந்தே வந்தாள் என்று ஒரு வரைவில் எழுதிப் பார்த்தேன். கதைக்கு விறுவிறுப்பு கூடியது. ஆனால் பவுனுவை அதற்கப்புறம் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

3

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, கட்டி அழுவது எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கூச்சலாகத் தெரியும். அதற்கு ஒழுங்கு உண்டு.

இழந்தவள் தரையில் உட்கார்ந்திருப்பாள். வருகிறவள் வாசலிலேயே குரல் எடுத்துவிடுவாள். உள்ளே வந்து, குனிந்து, தோளோடு தோள் சேர்த்துக் கட்டுவாள். எப்போதும் வருகிறவள்தான் முதலில் தொட வேண்டும், உட்கார்ந்திருப்பவள் கையை நீட்டக் கூடாது. அப்புறம் முறை சொல்லி அழ வேண்டும்: மகனே, தம்பி, மாமா என்று செத்தவர் தனக்கு என்ன உறவோ அதைச் சொல்லி. ஓய்ந்திருந்தவள் அடுத்த ஆள் வந்ததும் மறுபடி உடைவாள். இப்படி உடைந்து உடைந்துதான் உள்ளே கட்டியிருப்பது கரைகிறது.

இன்னொன்றும் உண்டு. வந்தவள் அழுவது பெரும்பாலும் தன் வீட்டுச் சாவுக்காகத்தான். எல்லாருக்கும் தெரியும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஆக, யாரும் வராவிட்டால்? அழ முடியாது. கல் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

4

ஆறு வருடம் கழித்து, ஒரு ஆடி மாதக் காலை. மாயக்காளும் கருத்தக்கண்ணனும் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குலை தள்ளிய மரத்தை ஆடிக் காற்று சாய்த்துவிடும், அதனால் சவுக்குக் கம்பை முட்டாக ஊன்றிக் கட்டுவார்கள். பக்கத்துத் தோட்டத்து ஜக்கம்மா வரப்பில் வந்து நின்றாள். முத்துப்பாண்டி சிறையில் நோய்ப்பட்டு இறந்துவிட்டான், உடல் வந்துவிட்டது என்றாள்.

"இறக்கிப் போட்டுட்டுப் போய்ட்டாக யக்கா. ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. வேன் டிரைவருக்கு ஒரு வாய் காப்பித்தண்ணி குடுக்கக்கூட ஆளில்ல. பாவம், கொட்டாவி விட்டுக்கிட்டே திரும்பிட்டாரு. பவுனு அழுகவே இல்லங்காக. நெஞ்சழுத்தக்காரி."

நெஞ்சழுத்தம் இல்லை என்று மாயக்காளுக்குத் தெரியும். அவள் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவள்.

தான் ஒன்றும் செய்ய வேண்டாம் என்பதும் அப்போது புரிந்தது. கம்பைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றால் போதும். மகனைப் பெற்றவள் அழாமலே இருப்பாள். எந்தக் கோர்ட்டும் கொடுக்க முடியாத தண்டனை.

ஜக்கம்மா போன பிறகு கயிற்றைக் கணவனிடம் கொடுத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"போறயா?"

"தெரியல."

"போ, போகாம இரு. நான் ஒண்ணும் சொல்லல. எம்பிள்ள பேர மட்டும் அந்த வீட்டுல எடுத்துறாத."

பேரை எடுக்காமல் அவளால் எப்படி அழ முடியும்? பவுனுவும் அவளும் ஒருவரையொருவர் மதினி என்று கூப்பிட்டவர்கள். அந்த முறைப்படி முத்துப்பாண்டி அவளுக்கு மருமகன். மருமகனே என்றும் அவள் வாயில் வராது.

5

முடிவு ஒன்று: அவள் போகிறாள், கட்டிப்பிடிக்கிறாள், மன்னிக்கிறாள். ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அவ்வளவு சுலபமாக வந்ததாலேயே கிழித்தேன்.

முடிவு இரண்டு: அவள் போகவில்லை. சாயங்காலம்வரை முட்டுக் கொடுக்கிறாள். இது நியாயமான முடிவு. இதிலேயே நிறுத்தியிருப்பேன். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் கையைக் கழுவிவிட்டு நடக்கத் தொடங்கிவிட்டாள்.

முடிவு மூன்று: வாசலில் குரல் எடுக்காமலே உள்ளே போகிறாள். பவுனு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் வெள்ளைத் துணி சுற்றிய உடல். வேறு யாரும் இல்லை. பவுனு ஏறிட்டுப் பார்க்கிறாள். கை மடியிலேயே இருக்கிறது.

"வேணாம் மதினி," என்கிறாள் பவுனு. "ஊரு உன்னயத்தான் பேசும். போயிரு."

மாயக்காள் நகரவில்லை.

"மன்னிக்கல மதினி. மன்னிக்கிறதுக்கு வரல. நீ அழுகணும்ல, அதுக்கு ஒரு ஆளு வேணும்ல."

6

இனி அவள் குனிய வேண்டும்.

இந்த ஒரு வாக்கியத்தை மூன்று நாளாக எழுதிப் பார்க்கிறேன். "மாயக்காள் மெல்லக் குனிந்து—" "குனிந்தவள் பாதியில்—" அவள் முதுகில் கைவைத்து அழுத்த எனக்கு உரிமை இல்லை. நான் மகளைப் பறிகொடுத்தவன் இல்லை. கட்டினால் யார் பெயரைச் சொல்லி அழுவாள், கருத்தக்கண்ணனிடம் அதை எப்படிச் சொல்வாள் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

கேத வீட்டிலிருந்து 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லிக் கிளம்பக் கூடாது, சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும். அந்தப் பக்கத்து வழக்கம் அது. நான் நடக்கத் தொடங்கிவிட்டேன். நீங்கள்தான் இன்னும் வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே சத்தம் கேட்கிறதா?