வலையில் மாட்டிய தொப்பி

"இடி," என்றார் பெரியப்பா ட்வுமாசி. "தினமும் இந்த நேரத்துக்கு இந்த வீட்டுல உரல் சத்தம் கேட்கும். இன்னைக்குக் கேட்கலைன்னா பக்கத்து வீட்டுக்காரி என்னன்னு எட்டிப் பார்ப்பா."

செர்வா உரலுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தாள். வெந்த மரவள்ளியும் வாழைக்காயும் ஆவி பறக்க உரலில் கிடந்தன. அத்தை போமா உலக்கையைத் தூக்கினாள். அவள் ஒவ்வொரு முறை ஓங்கும்போதும் செர்வா உள்ளே கைவிட்டு மாவைத் திருப்பிப் போட்டாள். முற்றத்துக்கு அந்தப்பக்கம், சாத்திய கதவுக்குப் பின்னால், அப்பா போவாச்சி கட்டிலில் செத்துக் கிடந்தார். காலையில் கூழ் கொண்டுபோன செர்வாதான் முதலில் பார்த்தது. கத்த வாயைத் திறந்தவளை அத்தை வந்து பொத்தியதில் உதடு இன்னும் எரிந்தது.

குடும்பத் தலைவர் மதுவைத் தரையில் ஊற்றிச் சாவை அறிவிக்கும்வரை யாரும் அழக்கூடாது. அது வழக்கம்தான், குமாசியில் யாருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்பா அவருடைய அம்மா வழிக் குடும்பத்துக்குச் சொந்தம். பிள்ளைகள் வேறு குடும்பம். சவப்பெட்டி வாங்குவது பிள்ளைகள் பாடு, அழச் சொல்வது குடும்பத் தலைவரான பெரியப்பா பாடு. ஆனால் மற்றச் சாவுகளில் அரைமணி நேரத்தில் மதுப் போத்தலைத் திறக்கிற மனிதர், இன்று அதை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தார். ஊர்க் கால்பந்து கிளப்பின் ரசிகர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர் என்பதைச் செர்வா மறந்துவிடவில்லை.

"எதுவரைக்கும் இப்படி?" என்று கேட்டாள்.

"ஆட்டம் முடியறவரைக்கும். உன் தம்பி கோல்ல நிக்கிறான். இது காதுல விழுந்தா நிப்பானா?"

"தம்பிக்காகவா, கோப்பைக்காகவா?"

"இடிக்கிற இடத்துல கையைப் பார்த்து வை," என்றார் பெரியப்பா.

ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதிப் போட்டி அது. இரண்டு ஆட்டம். போன ஞாயிறு எதிரணியின் ஊரான கின்ஷாசாவில் ஒருவரும் கோல் போடவில்லை. இன்று இங்கே, நடந்துபோகிற தூரத்து மைதானத்தில். நம் ஆட்கள் ஜெயித்தாக வேண்டும். ஆளுக்கு ஒன்று என்று முடிந்தால்கூட வெளியூரில் கோல் போட்டவனுக்குத்தான் கோப்பை. அமாகோம் பேட்டையில் கோழிகள்கூட மைதானத்துக்குப் போய்விட்டதுபோலத் தெரு வெறிச்சோடிக் கிடந்தது.

செர்வா மனதுக்குள் வெள்ளிக்கிழமையையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அன்று மதியம் கிளப் வண்டி வாசலில் வந்து நின்றது. இறுதிப் போட்டி முடியும்வரை முகாமிலிருந்து ஆட்டக்காரர் யாரையும் வெளியே விடமாட்டார்கள். தம்பி யாவை மட்டும் விட்டிருந்தார்கள். வண்டிக்குள் நீண்ட அங்கி போட்ட ஒரு கிழவர் இருந்தார். அவர் இறங்கவில்லை. அவள் கொண்டுபோன தண்ணீரையும் வாங்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. யாவ் நேராக அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே வந்தபோது சட்டைக்குள்ளிருந்து பச்சைக் கம்பளி நுனி எட்டிப் பார்த்தது. அப்பாவின் தொப்பி. நெஞ்சுச் சளிக்காரர், வெயிலிலும் கழற்றமாட்டார்.

"அது எதுக்குடா?"

"சும்மா," என்றான் யாவ், கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

அப்பாவிடம் கேட்டதற்கு அவர் சிரித்தார். "போன இடத்துல பத்திரமா இருக்கும் போ."

சனிக்கிழமை நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாம் முறை குழம்பு கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இல்லை. தேறிக்கொண்டிருந்த மனிதர், அதுவும் இந்த ஞாயிறு பார்த்து.

முன்பு கிளப் கோப்பை வாங்கிய வருஷம், அதே வாரத்தில் கேப்டனின் அம்மா செத்துப்போனாள். கோப்பைக்கு ஒரு தலை கொடுத்தார்கள் என்று சந்தையில் இன்றும் பேசுகிறார்கள். செய்வினை வைக்கிற மருந்துக்காரனுக்கு, பலியாகிற ஆளின் உடம்பில் பட்ட துணி ஒன்று போதுமாம். அப்படிப் பேசுகிறவர்களைச் செர்வா எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள். இன்று கேலி வரவில்லை. வயிற்றுக்குள் ஒரு கணக்குத்தான் ஓடியது. கிளப் தோற்றால் அப்பா வியாதியில் போனார். ஜெயித்தால் தம்பி அவரைப் பலி கொடுத்திருக்கிறான்.

தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

பெரியப்பா ரேடியோவைத் தாழ்வாக வைத்தார். அப்பாவுக்குப் படபடப்பு ஆகாது என்று டாக்டர் சொன்னதால் போன வாரம் செர்வா பிடுங்கி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்த அதே ரேடியோ. இடைவேளைவரை ஒரு கோலும் இல்லை. இடித்த ஃபுஃபு மாவைத் தண்ணீர் தொட்டு உருட்டி, பழக்கதோஷத்தில் தனக்கும் அப்பாவுக்குமாக இரண்டு கிண்ணத்தில் வைத்து மூடினாள். அப்பாவுடையது பெரிய உருண்டை.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ரேடியோ சொல்வதற்கு முன்பே மைதானத்திலிருந்து சத்தம் வந்துவிட்டது. ஊரே ஒரே வாயால் கத்தியது. கோல். நம் கோல். அந்த இரைச்சல் மேலே வந்து விழுந்ததும் அத்தை போமா உலக்கையைப் பிடித்தபடி தலையை அண்ணாந்து அலறினாள். செத்தவருக்கான அலறல் அது. தெருவில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. இரைச்சல் அடங்கியபோது அவளும் நிறுத்திக்கொண்டாள். பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ரேடியோக்காரனின் குரல் மாறியது.

"என்னமோ தகராறு. கின்ஷாசா ஆளுங்க நாலஞ்சு பேர் நம்ம கோலுக்குள்ள ஓடுறாங்க. வலையில ஏதோ மாட்டியிருக்கு... தொப்பி. ஒரு பச்சைத் தொப்பி. மருந்துங்கறாங்க. யாவ் விடமாட்டேங்கறான், கட்டிப் புரளுறாங்க. நடுவர் வந்துட்டாரு. எடுத்து ஓரத்துல எறிஞ்சுட்டாரு."

பெரியப்பா மெல்லத் தலையைத் திருப்பிச் செர்வாவைப் பார்த்தார். அவருக்கும் அந்தத் தொப்பி தெரியும்.

"உங்களுக்குத் தெரியுமா இது?" என்று கேட்டாள்.

"எனக்கு எதுவும் தெரியாது," என்றார். ரொம்பச் சீக்கிரமாகச் சொன்ன மாதிரி அவளுக்குப் பட்டது.

அதற்குப் பிறகு விழுந்த கோலுக்கு ஊரில் சத்தமே இல்லை. ரேடியோக்காரன்கூடத் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெதுவாக வந்த பந்து, யாவ் அசையவே இல்லை என்றான். ஆளுக்கு ஒன்று. கோப்பை கின்ஷாசாவுக்கு. செர்வாவுக்கு முதலில் வந்தது பெருமூச்சுதான். அப்பாடா என்றுதான் இருந்தது. பிறகு, தொப்பி போனதால்தானே தோற்றார்கள் என்று ஒரு நினைப்பு வந்து அந்தப் பெருமூச்சையும் கெடுத்தது.

பெரியப்பா ரேடியோவை அணைத்தார். போத்தலை இன்னும் திறக்கவில்லை.

"ஆட்டம்தான் முடிஞ்சுதே," என்றாள் செர்வா.

"பையன் வரட்டும். தெருவுல எவனோ சொல்லி அவன் காதுல விழக்கூடாது."

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் யாவ் பின்சந்து வழியாக வந்தான். ஜெர்சியை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப் போட்டிருந்தான். தெருவில் அடையாளம் தெரிந்தால் அடித்திருப்பார்கள். யாரையும் பார்க்கவில்லை. நேராகக் குழாயடிக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தான்.

"அக்கா, சோப்பு எங்க?"

பெரியப்பா எழுந்தார். செர்வா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். நாள் முழுக்க அவள் சுமந்த ஒரு கேள்வி இருந்தது, அதை முதலில் கேட்டாக வேண்டும். சோப்பை எடுத்துப் போய்க் கொடுத்தாள். அவன் கையில் தொப்பி இருந்தது, சேறும் பூட்ஸ் அச்சுமாக.

"அதுல மருந்து வச்சிருந்தியா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "கின்ஷாசாக்காரன் அதான் சொன்னான். நம்ம ஆளுங்க, அது போனதாலதான் கோல் விழுந்துச்சுன்னு வண்டி மேல கல்லெறியறாங்க. நீயுமா அக்கா?"

"வண்டியில ஒரு கிழவர் வந்தாரே."

"யாரு, எண்ணெய் தேய்க்கிற தாத்தாவா? என் தோள்பட்டைக்கு வந்தாரு."

"நான் கொடுத்த தண்ணியை அவர் தொடவே இல்லை."

"மேட்ச் வாரம் வெளித்தண்ணி யாரும் குடிக்கக் கூடாதுன்னு உத்தரவு. நான் குடிச்சேனா?" அவன் சோப்பை அழுத்தித் தேய்த்தான். "அப்பாதான் கூப்பிட்டனுப்பினாரு. உன் அக்கா ரேடியோவைக்கூட ஒளிச்சு வச்சுட்டா, இதைக் கொண்டுபோய் உனக்குப் பின்னால வலையில மாட்டுடா, நான் அங்க உட்கார்ந்து பார்க்கிறதா வச்சுக்கோ, அப்படின்னாரு. அவகிட்ட சொல்லாதே, இதுக்கும் திட்டுவான்னாரு."

செர்வா குழாயின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். அந்தத் தோல்விக்காக நாள் முழுக்க வேண்டிக்கொண்டவள் அவள்தான். இந்த ஊரில் தன் தம்பியை யாரைவிடவும் மோசமாக நினைத்தவளும் அவள்தான்.

"அந்தப் பந்து," என்றாள். "ஏன்டா அசையல?"

"பார்க்கவே இல்லைக்கா. அந்த நடுவர் தொப்பியை ஓரத்துல வீசிட்டானா, போட்டோக்காரனுங்க அது மேலயே மிதிச்சுட்டு நின்னானுங்க. நான் அதைத்தான் பார்த்துட்டிருந்தேன்." தண்ணீரைத் திறந்து அலசினான். சேறு போயிற்று, அச்சு போகவில்லை. "கோப்பை போனா போகுது. இதை எப்படி அவர்கிட்ட கொண்டுபோய்க் காட்டறது? தூங்கறாரா?"

"கொடு," என்று செர்வா தொப்பியை வாங்கிக்கொண்டாள்.

யாவ் கையைக் கழுவிக்கொண்டு, பசியில், அடுப்படிப் பலகையில் மூடியிருந்த கிண்ணங்களைத் திறந்தான். முற்றத்தில் எல்லாரும் உட்கார்ந்திருப்பதும், யாரும் பேசாததும் அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். பெரியப்பாவின் கையிலிருந்த போத்தலைப் பார்த்தான். பிறகு மறுபடி கிண்ணத்தைப் பார்த்தான்.

"அப்பாவோடது அப்படியே இருக்கே," என்றான். "இன்னும் சாப்பிடலையா?"

செர்வா தொப்பியைப் பிழிந்தாள். சொட்டுவது நின்ற பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.