கறையான் பெட்டியின் சாவி

கேட்டக்கா யாரையும் நம்ப மாட்டாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். துணி ஆலையின் வாசலில் இருபத்தெட்டு வருஷம் நின்று, வேலை முடிந்து போகிற பெண்களின் பைகளைத் திறந்து பார்த்தவள் அவள். அந்த கேட்டில் நின்றதால் வந்த பெயர்தான் அது. சாப்பாட்டு டப்பாவுக்குள் நூல்கண்டு ஒளித்தவளையும் பிடித்திருக்கிறாள், ஒன்றுமே ஒளிக்காத நூறு பேரை அழவும் வைத்திருக்கிறாள். ஓய்வு பெற்று நாலு வருஷமாகியும் பெயரும் போகவில்லை, குணமும் போகவில்லை.

வீட்டில் சோதனை போட மிச்சமிருந்தது ஒரே ஆள், அவள் புருஷன். ரேடியோ ரிப்பேர் செய்து பிழைத்தவர், வாயில்லாப் பூச்சி. கடைக்குப் போய்ப் பத்து நிமிஷம் பிந்தி வந்தால் எங்கே போனீர்கள் என்று வாசலிலேயே மறிப்பாள். அவரும் முப்பது வருஷமாக உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்தார். இத்தனை காலத்தில் ஒரு பொய்கூட அகப்படவில்லையே, அதெப்படி என்பதுதான் அவளுடைய பெரிய சந்தேகம்.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் கறையான் நுழைந்தது. மாடிக்குப் போகும் மரப்படிக்கட்டின் அடியில், சுவரோரமாக ஒரு மண் கோடு விரல் அகலத்துக்கு ஏறியிருந்தது. மாடியில் இருப்பது ஒரே அறை. அடுத்த மாதம் மகள் கைக்குழந்தையோடு வந்து அதில்தான் தங்கப் போகிறாள். மருமகனுக்கு வெளியூரில் ஒரு வருஷ வேலை. கல்யாணமாகிப் போன பிறகு அந்தப் பெண் பிறந்த வீட்டில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் இருந்ததில்லை. அம்மாவின் கேள்விகளுக்குப் பயந்துதான் என்பது கேட்டக்காவுக்கே உள்ளூரத் தெரியும். இந்தத் தடவை அவளாகவே வருகிறேன் என்றிருக்கிறாள். படிக்கட்டு நிற்க வேண்டும், என்ன ஆனாலும் நிற்க வேண்டும்.

கறையான் மருந்துக்காரர் ஒரு டார்ச் லைட்டும் ஸ்க்ரூடிரைவருமாக வந்தார். அவர் போன இடமெல்லாம் கேட்டக்காவும் பின்னாலேயே போனாள். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ஒவ்வொரு படியாகத் தட்டிப் பார்த்தார்.

"அடிப்படி மட்டும் லேசா போயிருக்கு. மத்ததெல்லாம் கெட்டியா இருக்கு," என்றவர், மண் கோட்டின் மேலேயே உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் பொருத்திப் பூட்டினார். "இதுக்குள்ள மருந்து கலந்த இரை இருக்கும்மா. கறையான் இதைத் தின்னுட்டு, புத்துல இருக்கிறதுக்கும் கொண்டு போய் ஊட்டும். கொஞ்சம் கொஞ்சமா மொத்தக் கூட்டமும் செத்துரும்."

"ஆக, கறையானுக்குச் சாப்பாடு போடத்தான் வந்திருக்கீங்க."

"அப்படியும் சொல்லலாம்," என்று சிரித்தார். "ஆனா ஒண்ணு. பெட்டியைத் திறக்கவே கூடாது. வெளிச்சமோ ஆட்டமோ பட்டுதுன்னா, மண்ணை வச்சு அடைச்சிட்டு வேற பக்கமா போயிரும். மூணு வாரம் கழிச்சு நானே வந்து பாக்குறேன்."

திறக்கவே கூடாதாம். ஆலை வாசலில் இப்படிச் சொன்னவர்களைத்தான் கேட்டக்கா முதலில் ஓரங்கட்டி நிறுத்துவாள்.

"என் வீட்டுச் சுவத்துல பூட்டுன பெட்டி, சாவி உங்க கையிலயா? நல்லா இருக்கே நியாயம்."

மருந்துக்காரர் வம்பெதற்கு என்று சாவியைப் புருஷன்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய பைக் தெருமுனை திரும்புவதற்குள் சாவி கேட்டக்காவின் பர்ஸுக்குள் போய்விட்டது.

மறுநாள் காலையில் திறந்தாள். ஒன்றுமில்லை. சாயங்காலம் திறந்தாள். ஒன்றுமில்லை. நாலாம் நாள் திறந்தபோது பெட்டி முழுக்க வெள்ளை வெள்ளையாக நெளிந்தது. அடப்பாவி, அழிக்க வந்தவனா வளர்க்க வந்தவனா என்று வயிறு எரிந்தது. அத்தாட்சிக்காகக் கொஞ்சத்தைக் கரண்டிக் காம்பால் சுரண்டி ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு மூடி வைத்தாள். அதற்கப்புறம் காலையும் மாலையும் சுரண்டல்தான்.

"கொஞ்ச நாளைக்கு அதை விட்டுடேன்," என்றார் புருஷன் ஒருநாள்.

"ஏன், அவனுக்கும் உங்களுக்கும் ஏதாவது ஏற்பாடா?"

இரண்டு நாள் கழித்து அவர் கொல்லைப்புறத்தில் நின்று போனில் ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார். "லேசா திறந்தாக்கூடவா?" என்றது மட்டும் காதில் விழுந்தது. அவளைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டார். கேட்டக்கா தேதியையும் நேரத்தையும் காலண்டரின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள்.

பத்தாம் நாள் பெட்டி காலி. காய்ந்த மண் மட்டும் அடைத்திருந்தது. இரையில் கால்வாசிகூடக் குறையவில்லை. மருந்தாவது மண்ணாங்கட்டியாவது, எல்லாம் ஏமாற்று என்று அவளுக்கு ஒருவிதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. அவன் வரட்டும், ஜாம் பாட்டிலை முகத்துக்கு நேரே நீட்டி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று நாளை எண்ணினாள்.

மூன்றாம் வாரம் மருந்துக்காரர் வந்தார். தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் பெட்டியைத் திறந்து பார்த்தார். படிக்கட்டில் ஏறாமல் கீழே நின்றே கை எட்டியவரைக்கும் தட்டினார். மூன்றாம் படி பொக்கென்றது. நாலாவதும் அப்படித்தான். ஐந்தாம் படியில் ஸ்க்ரூடிரைவர் முனையை லேசாக வைத்து அழுத்தினார், பிடிவரைக்கும் உள்ளே போனது. கேட்டக்கா கையிலிருந்த பாட்டிலை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள்.

"யாரு இதைத் திறந்தது?" என்றார் மருந்துக்காரர்.

"நான்தான்," என்றார் புருஷன். "மனசு கேக்கல. தினம் திறந்து பாத்துட்டேன்."

"ஏன் சார், பொண்ணு கைக்குழந்தையோட வருதுன்னு போன் பண்ணிக் கேட்டப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. அது பாட்டுக்குத் தின்னுட்டுப் போயிருந்தா இந்நேரம் புத்தே காலியாயிருக்கும். இப்போ படியெல்லாம் மாத்தணும். கைக்குழந்தையைத் தூக்கிட்டு ஒருத்தரும் இதுல ஏறக் கூடாது. உங்க பொண்ணை இப்போதைக்கு வர வேண்டாம்னு சொல்லிருங்க."

"சொல்லிடுறேன். என்னாலதான்னு நானே அவகிட்ட சொல்லிக்கிறேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கேட்டக்கா அவரையே பார்த்தாள். முப்பது வருஷமாக அவள் தேடிய பொய் இதோ கண்முன்னால் நிற்கிறது. அவர் தனக்காகச் சொன்ன பொய்யில்லை அது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மருந்துக்காரர் புதுப்பெட்டி ஒன்றைச் சற்றுத் தள்ளிப் பொருத்திவிட்டு, "அந்தச் சாவியைக் குடுங்க சார். இனிமே என்கிட்டயே இருக்கட்டும்," என்று கையை நீட்டினார்.

புருஷன் சட்டைப்பையில் கையை விட்டார். பிறகு கால்சட்டைப் பையில் விட்டார். மறுபடியும் சட்டைப்பைக்கே வந்தார்.

கேட்டக்கா பாட்டிலைப் படிமேல் வைத்துவிட்டு, பர்ஸைத் திறந்து சாவியை எடுத்து மருந்துக்காரர் கையில் வைத்தாள்.

"அவர்கிட்ட சாவியே கிடையாது. முதல் நாள்லேர்ந்து இது என்கிட்டதான் இருக்கு," என்றாள். "பொண்ணுகிட்டயும் நானே சொல்லிக்கிறேன்."

மருந்துக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புருஷனின் கை இன்னும் சட்டைப்பைக்குள்தான் இருந்தது.